அம்மைப்பாலிலிருந்து கொவிட் ஊசி வரை: தடுப்பூசி வரலாற்றில் குடும்பங்கள்

தடுப்பூசியின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எட்வர்ட் ஜென்னர், லூயி பாஸ்டர், ஜோனாஸ் சால்க் எனப் பெயர்கள் நீளும். எமது பாடநூல்களிலும் அவர்களே இடம்பெறுகின்றனர். அவர்களது பணியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும் ஊசியைக் கண்டறிந்தவர் ஒருவர் என்றால், அதற்குக் கையை நீட்டியவர்கள் கோடிக்கணக்கானோர். அவர்களைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை.

நோயாளிக்கு மருந்து கொடுப்பது ஒரு விடயம். ஓடி விளையாடும் சுகதேகியான பிள்ளையை மடியில் இருத்தி, அதன் கையில் ஊசி ஏற்றச் சம்மதிப்பது முற்றிலும் வேறொரு விடயம். முன்னையதற்கு வேதனை துணை நிற்கும். பின்னையதற்கு நம்பிக்கை ஒன்றைத் தவிர வேறு துணையில்லை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, எப்போது உடைந்தது, உடைந்த பின்னரும் மக்கள் ஏன் ஊசிக்கு வந்தனர் என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

இஸ்தான்பூலின் வழக்கம்

வைசூரியையும் சின்னமுத்தையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்து விளக்கித் தனிநூல் எழுதியவர் அபூபக்ர் அல்-ராஸி (865–925). ஒரு தடவை வைசூரி கண்டு பிழைத்தவரை அது மறுபடி தீண்டுவதில்லை என்பதை மக்களும் தமது அனுபவத்தில் அறிந்திருந்தனர். அந்த அறிவிலிருந்தே, இலேசாக நோய் கண்டவரின் கொப்புளத்து நீரை எடுத்துச் சுகமாயிருக்கும் பிள்ளையின் தோலில் கீறி வைக்கும் வழக்கம் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் தோன்றியது.

உதுமானியப் பேரரசுக்கான பிரித்தானியத் தூதுவரின் மனைவி மேரி வோர்ட்லி மொன்டேகு 1717 ஏப்ரலில் எதிர்னே நகரிலிருந்து எழுதிய கடிதமொன்று இவ்வழக்கத்தை விபரிக்கின்றது. வெயில் தணியும் செப்டெம்பரில் குடும்பங்கள் ஒன்றையொன்று விசாரித்து ஒரு வீட்டில் கூடும். கொட்டைக் கோதொன்றில் கொப்புள நீரை எடுத்துக்கொண்டு கிழவி ஒருத்தி வருவாள். ஊசி முனையால் கீறி அதை வைத்துக் கட்டிவிடுவாள். பிள்ளைகள் சில நாட்கள் காய்ச்சலில் கிடந்து எழும்புவர். இதற்கென்று அரச கட்டளை இருந்ததாக அவர் எழுதவில்லை. உற்றார் உறவினர் கூடிச் செய்யும் ஒரு வீட்டுக் காரியமாகவே அது அவருக்குத் தெரிந்தது.

மேரியின் முகத்திலேயே வைசூரித் தழும்பு இருந்தது. அவருடைய சகோதரனும் அந்நோயினாலேயே இறந்திருந்தான். 1718இல் அவர் தம் மகனுக்கு இஸ்தான்பூலில் இம்முறையில் அம்மை குத்துவித்தார். 1721இல் லண்டனில் தம் மகளுக்கும் செய்வித்தார். ஆங்கிலேயச் சமூகம் அவரது கடிதத்தை விட அவரது பிள்ளைகளையே சான்றாகக் கொண்டது எனலாம். பிறருக்குச் சொல்வதற்கு முன் தன் வீட்டில் செய்து காட்டிய தாய் என்ற தகைமை அவருக்கு இருந்தது. இத்தகைமை பின்வந்த காலங்களிலும் திரும்பத் திரும்ப வேண்டப்பட்டதை நாம் காணலாம்.

கையிலிருந்து கைக்கு

மேற்கூறிய முறையில் அபாயம் இருந்தது. சிலர் அதனாலேயே இறந்தனர். குத்திய பிள்ளையிடமிருந்து மற்றவர்க்கும் நோய் தொற்றியது. 1796 மே 14ஆம் திகதி ஜென்னர் வைசூரிக்குப் பதிலாக மாட்டம்மையின் நீரைப் பயன்படுத்தினார். பால் கறக்கும் பெண்ணான சாரா நெல்ம்ஸின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததை, தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் ஃபிப்ஸுக்கு ஏற்றினார். தமிழில் இதற்கு 'அம்மைப்பால்' என்ற பெயர் வழங்கிற்று.

ஆனால் இப்பாலைத் தூர தேசங்களுக்குக் கொண்டுசெல்வது இலகுவாயிருக்கவில்லை. நூலில் தோய்த்து உலர்த்தி அனுப்பியது, மாதக்கணக்கான கடற்பயணத்தின் வெப்பத்தில் வலுவிழந்தது. குளிரூட்டி இல்லாத அக்காலத்தில் அம்மைப்பால் கெடாது தங்கக்கூடிய ஒரே பாத்திரம் மனிதக் கைதான். ஒரு பிள்ளைக்குக் குத்தினால் எட்டாம் நாளளவில் கொப்புளம் முற்றும். அதிலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லாம் வீண்.

வியன்னாவில் இருந்த வைத்தியர் ஜோன் டி கரோ, இஸ்தான்பூல் வழியாகப் பக்தாதுக்கு அம்மைப்பாலை அனுப்பினார். பக்தாதில் பிள்ளைகளின் கைகளில் அது உயிர் பிடித்தது. அங்கிருந்து பஸ்ராவுக்கும், பஸ்ராவிலிருந்து கப்பலில் பம்பாய்க்கும் வந்தது. 1802 ஜூன் 14ஆம் திகதி பம்பாயில் அன்னா டஸ்ட்ஹோல் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு அது குத்தப்பட்டது. அவளது கையிலிருந்து தொடங்கிய சங்கிலியே இந்தியாவெங்கும் பரவி, அதே 1802ஆம் ஆண்டில் இலங்கையையும் எட்டியது. பக்தாதுக்கும் பஸ்ராவுக்கும் இடையில் கையைக் கொடுத்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களது உம்மாமார் என்ன நினைத்தனர் என்பவற்றை எவரும் எழுதி வைக்கவில்லை.

இதே பிரச்சினைக்கு ஸ்பானிய அரசு கண்ட வழி நெஞ்சை உறுத்துவது. 1803இல் அமெரிக்கக் கண்டத்துக்குப் புறப்பட்ட பல்மிஸ் குழுவினர் 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். மறுப்பதற்கு வாப்பாவோ உம்மாவோ இல்லாத பிள்ளைகள் அவர்கள். அவர்களைப் பராமரிக்க உடன் சென்ற அநாதை விடுதித் தலைவி இசபெல் செந்தால் தம் சொந்த மகனையும் அக்கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார் என்பது மட்டுமே இதில் ஆறுதல் தரும் செய்தி.

சட்டமும் சந்தேகமும்

இலங்கையில் பிரித்தானியரின் வைத்தியத்துறைக்குப் பொறுப்பாயிருந்த தோமஸ் கிறிஸ்டி, அம்மைப்பால் வருவதற்கு முன் வைசூரி இத்தீவில் விளைத்த அழிவுகளைப் பற்றி 1811இல் நூலொன்று வெளியிட்டார். 1886ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அம்மை குத்துவதைச் சட்டக் கடமையாக்கியது.

இந்தியாவிலும் இலங்கையிலும் மக்கள் அம்மை குத்துபவரைக் கண்டு ஒதுங்கியதை அக்கால அதிகாரிகள் அறியாமை என்றே எழுதினர். மக்களின் பக்கமிருந்து நோக்கின் வேறு காரணங்களும் தெரியும். அம்மை குத்துபவர் ஊராருக்குப் பழக்கமற்றவர். பிள்ளையின் கையைக் கீறுவதோடு அவர் வேலை முடிவதில்லை. எட்டாம் நாள் மறுபடி வந்து, வீங்கியிருக்கும் கொப்புளத்தை உடைத்து, வேற்றுப் பிள்ளைகளுக்காக நீர் எடுப்பார். எந்தப் பிள்ளையின் கையிலிருந்து தன் பிள்ளைக்கு வந்தது, அதனோடு வேறு நோயும் வருமா என்ற கேள்வி நியாயமானதே. கன்றுக்குட்டியில் வளர்த்த பால் பாவனைக்கு வந்த பின்னரே அக்கேள்விக்குச் சரியான விடை கிடைத்தது.

இச்சந்தேகம் குடியேற்ற நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. 1853இல் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கிய இங்கிலாந்திலேயே, 1885 மார்ச்சில் லெஸ்டர் நகரில் அதற்கெதிராகப் பேரணி நடந்தது. அபராதமும் சிறையும் கண்ட பெற்றோர் அதில் இருந்தனர். ஈற்றில் 1898இல் மனச்சாட்சியின் பேரில் மறுப்பதற்கு அந்நாட்டுச் சட்டம் இடமளித்தது.

இத்தனைக்குப் பிறகும் அம்மைப்பால் வென்றது. கொடிய வகை வைசூரியின் இறுதி நோயாளி, 1975இல் பங்களாதேஷின் போலா தீவைச் சேர்ந்த ரஹீமா பானு என்ற சிறு குழந்தை. இயற்கையாக வைசூரி கண்ட உலகின் இறுதி மனிதர் சோமாலியாவின் மேர்க்கா நகரைச் சேர்ந்த அலி மாவ் மாலின். 1977 ஒக்டோபரில் அவருக்கு நோய் கண்டது. அவர் ஒரு வைத்தியசாலைச் சமையற்காரர். ஊசி நோகும் என்று பயந்து அதைத் தவிர்த்திருந்தவர். பிழைத்தெழுந்த அவர் பிற்காலத்தில் போலியோத் தடுப்பு மருந்துக்காக வீடு வீடாகச் சென்று தம் கதையைச் சொல்லித் தாய்மாரை இணங்க வைத்தார். 2013இல் அப்பணியில் இருக்கும்போதே காலமானார். 1980 மே 8ஆம் திகதி வைசூரி ஒழிந்ததாக உலகம் அறிவித்தது. எமது மூத்தம்மாமாரின் மேற்கையில் நாணயமளவில் தெரிந்த தழும்பு அந்த நீண்ட யுத்தத்தின் முத்திரையே.

வீட்டு வாசலுக்கு வந்த சேவை

எமது நாட்டில் சந்தேகத்தைக் கரைத்தது சட்டமல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு இதில் ஒரு மைல்கல்லாகும். அதன் வழியில் வளர்ந்த அமைப்பில், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குடும்பநல மாது உரியவரானார். குடையும் பையுமாக வரும் அவரை ஊர் 'மிட்வைஃப் மிஸ்' என்றது. கர்ப்பிணியின் பெயர் பதிவதும், பிள்ளை பிறந்தபின் வீட்டுக்கு வந்து பார்ப்பதும், நிறை எடுப்பதும், ஊசித் திகதியை ஞாபகப்படுத்துவதும் அவரே. 1978இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் ஆரம்பமானபோது அதற்கு வேண்டிய நம்பிக்கை ஏற்கனவே வாசற்படியில் இருந்தது.

யுத்தகாலத்திலும் இது அறுபடவில்லை. 1990களில் போலியோத் துளி வழங்கும் நாட்களில் துப்பாக்கிகள் மௌனிக்க இரு தரப்பும் இணங்கின. இலங்கையின் இறுதிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். 2014 மார்ச் 27ஆம் திகதி தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என எல்லா வீடுகளிலும் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துக் கிளினிக் கொப்பியையும் பத்திரப்படுத்தும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. ஊசி வேண்டாம் என்ற குரல் எமது ஊர்களில் அபூர்வம்.

2020இல் உடைந்தது

கொவிட் நோய் இலங்கைக்கு வந்தபோது எமது சமூகம் நின்ற இடம் இதுதான். 2020 மார்ச் இறுதியில் நீர்கொழும்பில் மௌத்தான முஸ்லிம் ஒருவரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. அடக்கம் செய்வதற்கும் இடமுண்டு என உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24ஆம் திகதியே வழிகாட்டியிருந்தது. எனினும் ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழேயே அவ்வொழுங்கு விதி ஆக்கப்பட்டது. மக்களின் உயிர் காக்கவென்று ஆக்கப்பட்ட பழைய சட்டமொன்று ஒரு சமூகத்தின் இறுதி உரிமையைப் பறிக்கப் பயன்பட்டது. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் இதற்கெதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் பிறந்து இருபதே நாளான சிசுவொன்றும் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டியோரில் எல்லா மதத்தவரும் இருந்தனர் என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

இதன் விளைவு வீடுகளுக்குள்ளே நிகழ்ந்தது. காய்ச்சல் கண்ட முதியவர், "என்ன ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போகாதீங்க" என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். மரணத்தை அவர் அஞ்சவில்லை; மௌத்துக்குப் பிந்தியதையே அஞ்சினார். பரிசோதனைக்கு மூக்கில் குச்சி விடுவதென்பது நோயைக் கண்டறியும் வழியாக இல்லாமல், எரிக்கப்படுவதற்கான முதற் படியாகவே பலருக்குத் தோன்றியது. சளியையும் இருமலையும் அயலவருக்குத் தெரியாமல் மறைத்த வீடுகள் எத்தனையோ. நோயை ஒளிப்பது நோயைப் பரப்பும் என்பதை அறியாதவர்களல்லர் அவர்கள்.

இந்நிலையிலேதான் ஊசி வந்தது. இந்தியா அன்பளிப்பாக வழங்கிய 5 இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகளைக் கொண்டு 2021 ஜனவரி 29ஆம் திகதி இலங்கையில் தடுப்பூசி ஏற்றல் தொடங்கியது. அடக்கத்தை அனுமதித்த வர்த்தமானி வெளிவந்தது பெப்ரவரி 25ஆம் திகதி. இடைப்பட்ட நான்கு வாரங்கள் எமது வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கவை. ஒரு கையால் உயிர் காக்கும் மருந்தை நீட்டிய அதே அரசு, மறு கையால் ஜனாஸாவை எரித்துக்கொண்டிருந்தது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி சூடுபத்தினசேனை, மஜ்மா நகரில் முதல் அடக்கங்கள் நடந்தன. அதற்குப் பின்பும், நாட்டின் எந்த மூலையில் மௌத்தானாலும் அங்கேதான் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2022 மார்ச் வரையில் அங்கு 3,634 பேர் அடக்கப்பட்டனர். அவர்களுள் 2,992 பேர் முஸ்லிம்கள். 287 பேர் பௌத்தர்கள். 270 பேர் இந்துக்கள். 85 பேர் கிறிஸ்தவர்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில்

மே 8ஆம் திகதி, ரமழானின் கடைசிப் பத்தில், சைனோபார்ம் ஊசி இலங்கையர்க்கு ஏற்றப்படத் தொடங்கியது. பின்வந்த மாதங்களில் அது ஊர் ஊராக வந்தது. பல ஊர்களில் பாடசாலை மண்டபங்களே ஊசி நிலையங்களாயின. கதிரைகளை இடைவெளி விட்டு அடுக்கியவர்களில் இக்கட்டுரையாளரும் ஒருவர். கிராம உத்தியோகத்தரின் பட்டியல், அடையாள அட்டை, சம்மதப் படிவம் என்று வரிசை நகரும். வெளியில் நின்று பார்ப்போருக்கு அது ஒரு வரிசை. ஆயினும் ஒவ்வொரு கதிரைக்கும் பின்னால் முதல்நாள் இரவு ஒரு வீட்டில் நடந்த விவாதம் ஒன்று இருந்தது.

வாப்பா போட வேண்டாம் என்பார்; கட்டாரில் இருக்கும் மகன் தொலைபேசியில் கெஞ்சுவான். மாமி சம்மதிப்பார், மருமகள் வயிற்றில் பிள்ளையோடு தயங்குவாள். கர்ப்பிணிகளுக்கு 2021 ஜூனிலேயே ஊசி தொடங்கியது. முதலூசி கொவிஷீல்ட் போட்டவர்கள் வேறொரு தவிப்பில் இருந்தனர். இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதால் சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாம் ஊசிக்காகக் காத்திருந்தனர். ஜூலை 31ஆம் திகதி ஜப்பானிலிருந்து ஊசிகள் வந்த பின்னரே அவர்களுக்கு நிம்மதி. மத்திய கிழக்குக்குப் போகவிருந்த வீடுகளில் எந்த ஊசி என்பதே கேள்வி. சவூதி அரேபியா முதலில் ஏற்றுக்கொண்ட பட்டியலில் சைனோபார்ம் இருக்கவில்லை. ஆகவே பைசர் கிடைக்கும்வரை பயணப்பெட்டி கட்டிலின் கீழேயே கிடந்தது.

வதந்திகளும் உலவின. ஊசி பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்பது அவற்றுள் முதன்மையானது. இதில் ஒரு கசப்பான முரண் உண்டு. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்று தாக்கப்பட்டது, உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளப்பிய வதந்தியினாலேயே. அப்படி எதுவும் அதில் இல்லை என அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். இத்தகைய பொய்யால் அடிபட்ட ஒரு சமூகத்தின் கைத்தொலைபேசிகளிலேயே, மூன்று வருடங்களின் பின் அதே பொய் வேறு வேடத்தில் சுற்றியது.

இவற்றை வென்றது எது? சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் ஓரளவு உதவின. பள்ளிவாசல்களின் அறிவித்தல்கள் நிச்சயமாக உதவின. எனினும் மண்டப வாசலில் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றே: "மிஸ், நீங்க போட்டீங்களா?" 'போட்டுட்டன், எங்கட உம்மாவுக்கும் போட்டாச்சி' என்று குடும்பநல மாது சொன்ன மறுகணம் கைகள் நீண்டன. அபாயாவின் கையை உயர்த்துவதற்கு ஒரு மறைப்பும், ஊசி போட ஒரு பெண் தாதியும் இருந்த இடங்களில் வரிசை தயங்கவேயில்லை. முந்நூறு வருடங்களுக்கு முன் லண்டனில் மேரி மொன்டேகுவிடம் கேட்கப்பட்டதும் ஏறக்குறைய இக்கேள்வியே.

எமது குடும்பங்கள் வர்த்தமானியை வெளியிட்ட கையையும், தம் பிள்ளைக்கு நிறை எடுத்த கையையும் பிரித்தறிந்தன. அரசின் மீது வைத்த நம்பிக்கை உடைந்திருந்தது. மிட்வைஃப் மிஸ் மீது வைத்தது உடையவில்லை. 2020இல் எமது மக்கள் மறைந்ததையும் 2021இல் வரிசையில் வந்ததையும் ஒருங்கே வைத்து நோக்குபவர், 'முஸ்லிம்கள் மருத்துவத்துக்கு எதிரானவர்கள்' என்ற குற்றச்சாட்டு எவ்வளவு பொய்யானது என்பதை விளங்கிக்கொள்வர்.

பதிவு செய்ய வேண்டியவை

2024 ஜூலையில் கட்டாய எரிப்புக்காக அரசு மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. 276 முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதாகவும் கூறப்பட்டது. மன்னிப்பு தேவையானதே. ஆனால் உடைந்த நம்பிக்கையை ஓர் அறிவித்தல் ஒட்டிவிடாது. இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக 2019இல் சான்று பெற்ற சின்னமுத்து 2023இல் மறுபடி தலைகாட்டியது. 2024 ஜனவரியில் சில மாவட்டங்களில் சிசுக்களுக்கு மேலதிக ஊசி ஏற்ற வேண்டியதாயிற்று. ஊசி வரிசையில் விழும் ஒவ்வொரு இடைவெளியையும் நோய் கண்டுபிடித்துவிடும். எனவே வீட்டு வாசலில் இன்னும் எஞ்சியிருக்கும் நம்பிக்கையைக் காப்பது அரசுக்கும் எமக்கும் ஒருங்கே உரிய பொறுப்பாகும்.

எழுதுவோருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பக்தாதிலும் பஸ்ராவிலும் கையைக் கொடுத்த பிள்ளைகளின் பெயர்கள் தொலைந்துபோயின. எமது மூத்தம்மாமாரின் தழும்புக் கதைகளும் பெரும்பாலும் அவர்களோடு மண்ணுக்குப் போய்விட்டன. 2020, 2021ஆம் ஆண்டுகளின் கதைகளைச் சொல்ல இன்றும் ஆட்கள் இருக்கின்றனர். ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்த வாப்பாவின் வார்த்தை, ஓட்டமாவடி வரை வாகனத்தின் பின்னால் சென்ற மகனின் இரவு, தயங்கித் தயங்கி ஊசிக்கு வந்த மருமகளின் காரணம் ஆகியன எந்த வர்த்தமானியிலும் இடம்பெறப் போவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆசிரியரோ மாணவரோ ஒரு கொப்பியை எடுத்து, பத்து வீடுகளுக்குச் சென்று கேட்டு எழுதினால் போதும். திகதியோடு எழுத வேண்டும். சொன்னவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வரும்போது எமது பிள்ளைகளுக்கு அக்கொப்பிகள் தேவைப்படும்.